பன்னிரண்டு சைபர்

முதுகில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வலிக்குமா என்றுதான். அவ்வளவாக வலிக்காது. எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்கு, பிறகு உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். நான் எழுத வந்தது ஊசியைப் பற்றி அல்ல, ஊசிக்குப் பிறகு வருகிற ஆறு மணி நேரத்தைப் பற்றி. அந்த ஆறு மணி நேரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு தப்பு செய்தோம். டாக்டர் சொன்னது புரியாமல் செய்யவில்லை. நன்றாகப் புரிந்துகொண்டே செய்தோம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெங்காலிகள் ஊரில், பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் கணேசன், கிடர்பூரில் கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கம்பெனியில் கிளார்க். காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். எங்களுக்கு ஒரே பெண், கயல். இருபத்து மூன்று வயது. பிறந்தபோது கொஞ்ச நேரம் மூச்சு இல்லாமல் கிடந்ததில் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை. அதனால் கையும் காலும் இறுகிப்போயின. செரிபிரல் பால்சி என்பார்கள். நடக்க மாட்டாள். பெல்ட் போட்டு உட்கார வைத்தால் உட்காருவாள். பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தை, அதில் பாதி பெங்காலி. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் புரியும். வீட்டில் யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளைத் தூக்குவது என் வேலை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளிக்கிற ஸ்டூலுக்கு, திரும்ப நாற்காலிக்கு, மத்தியானம் கட்டிலுக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தூக்குவேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தேன். போன வருடம் எடை பார்த்தபோது நாற்பத்திரண்டு கிலோ. ஜிம்முக்கு ஒரு பைசா கட்டாமல் இருபத்து மூன்று வருடம் பளு தூக்கியவள் நான் என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு நின்று இரண்டு வருடம் ஆயிற்று.

இடது பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்தது வலி. முதலில் கயலைத் தூக்கும்போது மட்டும் வரும். அப்புறம் தூக்கிய பிறகும் போகாமல் நின்றது. அடுப்படியில் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை. பெல்ட் கட்டினேன், தைலம் தேய்த்தேன், பிசியோதெரபி ஆறு மாதம் போனேன். எலும்பு டாக்டர் ஒருவர், இனிமேல் கனம் எதுவும் தூக்கக்கூடாது என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். என் மகளையும் கனத்தில் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆயா வைத்துப் பார்த்தோம். மூன்று பேர் வந்தார்கள், மாடிப்படியையும் கயலின் எடையையும் பார்த்து மூன்று பேரும் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனது, அவர் தூக்கக்கூடாது. கடைசியில் அவர் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நியூ டவுன் தாண்டி, ராஜர்ஹாட்டில், கயல் மாதிரிப் பெரிய பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம். நானும் போய்ப் பார்த்தேன். மோசமான இடமாக இருந்திருந்தால் அன்றைக்கே மறுத்திருப்பேன். சுத்தமாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே வாழை மரம் இருந்தது, ஆயாக்கள் அதட்டவில்லை. அதனால்தான் பயந்துபோனேன். துர்கா பூஜைக்குள் முதுகு சரியாகாவிட்டால் கயலை அங்கே விடுவது என்று பேசி முடிவாயிற்று. பேசியது அவர். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வலிக்கென்று தனி டாக்டர் உண்டு என்பதை எதிர்வீட்டு ஷிப்ரா பௌதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பௌதி என்றால் அண்ணி. என்னைவிட நான்கு வயது பெரியவள், இருபது வருடமாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் வருகிற ஒரே ஆள். அவள் தம்பிக்குக் கழுத்தில் ஊசி போட்டுக் குணமாகியிருந்தது. ஆஸ்பத்திரி பைபாஸ் பக்கம். மற்ற டாக்டர்கள் அறைக்கு வெளியே உட்கார இடம் இருக்காது. வலி டாக்டர் அறைக்கு வெளியே பாதி நாற்காலி காலியாக இருந்தது. உட்கார முடியாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஒரு மாமா வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். அங்கே யாரும் யாரையும் உட்காரச் சொல்லி உபசரிப்பதில்லை. அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியும்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசுவார், ஆனால் நாம் சொல்வதைக் கடைசிவரை கேட்பார். பூஜ்யம் முதல் பத்து வரை எத்தனை என்றார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. கயல் பிறந்தபோது பத்து, இப்போது ஏழு என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள். குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்து அரை மணி நேரம் காதருகே சுத்தியல் அடித்தார்கள். கயலுக்கு இதே ஸ்கேன் எடுத்தபோது ஏன் அப்படி அலறினாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

படத்தைப் பார்த்து, சீட்டின் பின்பக்கம் வரைந்து விளக்கினார். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். ஒவ்வொன்றும் கீழே இருப்பதோடு பின்பக்கத்தில் இரண்டு சின்ன மூட்டுகளால் கோத்திருக்கும். ஃபேசெட் மூட்டு என்று பெயர், விரல் கணு அளவுதான். அது தேய்ந்தால் அந்த வலியை மேலே எடுத்துச் செல்ல மெல்லிய நரம்பு ஒன்று இருக்கிறது. அந்த நரம்பை மருந்தால் மரத்துப்போக வைப்பதுதான் நெர்வ் பிளாக். ஆனால் என் வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எந்தப் படமும் சொல்லாது. அதனால் முதலில் ஒரு சோதனை ஊசி. மருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். அந்த நேரத்தில் வலி போய்விட்டால் குற்றவாளி அந்த நரம்புதான். பிறகு ஒரு நாள் ஊசி முனையின் சூட்டால் அதைச் சுட்டுவிட்டால் ஒரு வருடம் நிம்மதி. போகவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். போகாவிட்டாலும் அது நல்ல தகவல்தான் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். என் காதில் நிம்மதி என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

ஊசிக்குத் தயாராவதில் ஒரு வினோதம் உண்டு. இரண்டு நாள் முன்பே வலி மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். வலியோடு வந்தால்தான் போனதா இல்லையா என்று தெரியுமாம். ஊசிக்கு முன்னால் மயக்கமும் தர மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கயலைத் தூக்கினேன். கல்யாணத்துக்குப் போகிறவள் நகையைப் பத்திரப்படுத்துகிற மாதிரி வலியைப் பத்திரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

உள்ளே குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தார்கள். முதுகைச் சில்லென்று ஒரு திரவத்தால் துடைத்தார்கள். மேலே வளைந்த கை மாதிரி ஒரு எக்ஸ்ரே மெஷின் நின்றது. அதில் பார்த்துப் பார்த்து டாக்டர் ஊசியை இறக்கினார். மூன்று இடத்தில் மருந்து போனது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பயம்தான் பெரிதாக இருந்தது. கால் அசைகிறதா என்று நான் பாட்டுக்குக் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருந்ததில், நர்ஸ் கால்மேல் கையை வைத்து, ஆட்டாதீங்க தீதி என்றாள்; தீதி என்றால் அக்கா.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒரு கட்டம், ஆறு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் வலி எத்தனை என்று எழுத வேண்டும். டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பெங்காலியில் நிதானமாகச் சொன்னார். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"வீட்டுக்குப் போய்ப் படுத்துடாதீங்க. எதைச் செஞ்சா வலிக்குமோ அதையே இன்னிக்குச் செய்யுங்க. மகளைத் தூக்கினாத்தானே வலிக்குது? பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு ஒரு தடவை தூக்கிப் பாருங்க. அப்பத்தான் இந்தத் தாள்ல எழுதுறதுக்கு அர்த்தம்."

சரி என்றோம். டாக்ஸியில் ஏறும்போதே என் வீட்டுக்காரர் மாறிவிட்டார். முதுகெலும்பில் ஊசி குத்தி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் நாற்பத்திரண்டு கிலோவைத் தூக்குவதா என்றார். டாக்டர் சொன்னாரே என்றேன்.

"அவங்க எல்லாருக்கும் ஒரே பாட்டாத்தான் பாடுவாங்க. உன் முதுகு போனா அவங்களா வந்து பார்க்கப்போறாங்க? பேசாமப் படு, சாந்தி."

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. பிள்ளை பெற்றாலும் பல்லைப் பிடுங்கினாலும் உடம்பில் ஆயுதம் பட்டுவிட்டால் படுக்க வைத்துவிடுவார்கள், பத்தியம் ஆரம்பித்துவிடும். மதுரையிலிருந்து என் நாத்தனார் போனில் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கத்தரிக்காய் கூடாது, காற்றில் நிற்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். வீட்டுக்குப் போனால் கட்டிலில் புதுப் போர்வை விரித்திருந்தது. பௌதி கயலுக்குச் சோறு ஊட்டி முடித்திருந்தாள். டீ போடத் தெரியாத மனிதர் அன்றைக்கு மிளகு ரசம் வைத்து, அப்பளம் சுட்டு, தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். ரசத்தில் உப்பு கிடையாது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கயல் பிறந்த பிறகு பகலில் என்னைப் படு என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு மூன்று பேர் சொன்னார்கள். புதுப் போர்வை வாசனையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். குளியலறையில் அவரும் பௌதியும் சேர்ந்து கயலைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முனகல் முனகினார். ஆபரேஷன் ஆன வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். எழுந்து போயிருக்க வேண்டியவள் நான்தான், ஆனாலும் எழவில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை அவர் வந்து கேட்பார். வலி இல்லை என்பேன். படுத்திருந்தால் எனக்கு எப்போதுமே அவ்வளவாக வலிக்காது, அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் பேனாவை என் கையில் கொடுப்பார், நான் சைபர் போடுவேன். மூன்று மணிக்குக் குளியலறைக்குப் போய்த் திரும்பும்போது பழைய இடத்தில் பழையபடி ஒரு இழுப்பு இழுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. வந்து படுத்து அந்தக் கட்டத்திலும் சைபரே போட்டேன். அந்தத் தாள் பரீட்சைத் தாள் என்றும், அதில் பாஸானால் கயல் வீட்டிலேயே இருப்பாள் என்றும் என் மனசு முடிவு செய்திருந்தது. ஐந்து மணிக்குப் பன்னிரண்டாவது சைபரைப் போட்டதும் அவர் தாளை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தவராக, அன்றைக்கு நடமாடினேனா, மகளைத் தூக்கினேனா என்று கேட்டார்.

"எல்லா வேலையும் பண்ணினா மேடம். எப்பவும் போல," என்றார் என் வீட்டுக்காரர்.

கணக்கில் ஒரு பைசா பிசகினால் தூங்காத மனிதர் அவர். எனக்காகப் பொய் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அன்றைக்கு எங்களுக்கு அது பொய்யாகவே படவில்லை. டாக்டரைச் சந்தோஷப்படுத்தி, நல்ல செய்தியை உறுதிப்படுத்திவிட்டு வந்தோம். இன்னொரு தடவை சோதித்துவிடலாமா என்றுகூட அவர் கேட்டார். இதுவே போதும் என்று நாங்கள்தான் அவசரப்படுத்தினோம்.

மூன்று வாரம் கழித்து அந்த நரம்புகளைச் சுட்டார்கள். இன்ஷூரன்ஸ் பாதிதான் ஏற்றது, மீதிக்கு அவர் பி.எஃப். பணத்தில் கைவைத்தார். சுட்ட இடம் பத்துப் பதினைந்து நாள் காந்தும், மூன்று வாரத்துக்குப் பிறகுதான் பலன் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் வலித்தபோதெல்லாம் இது சுட்ட வலி, பழைய வலி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பூஜைக்குக் கயலுக்கு இரண்டு சுரிதார் எடுத்தேன். முன்பக்கம் பட்டன் வைத்து, மாட்டுவதற்குச் சுலபமாகத் தைக்கச் சொன்னேன்.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கயலைக் குளிக்க வைத்து ஸ்டூலிலிருந்து தூக்கினேன். பாதித் தூக்கில் வலி வந்தது. ஏழும் இல்லை எட்டும் இல்லை, அதற்கும் மேலே. என் கை என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. ஈர உடம்பு வழுக்கி, அவள் முகம் பக்கெட் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தாள். முன்பல் ஒன்று உடைந்தது, உதடு கிழிந்தது. தண்ணீரோடு ரத்தம் ஓடியது. அவள் அழவில்லை. நானும் பக்கத்தில் தரையில் கிடந்தேன், எழ முடியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியதில் பௌதி வந்துதான் இருவரையும் எடுத்தாள். கிச்சு ஹொயே நி, ஒன்றும் ஆகவில்லை என்று பௌதி சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

முதுகு சரியாகவில்லை என்பது முடிவாகிவிட்டது. உதட்டுத் தையல் பிரித்து, துர்கா பூஜைக்கு அடுத்து வரும் லட்சுமி பூஜை முடிந்த வாரம் கயலை ராஜர்ஹாட்டில் விட்டோம். புது சுரிதார் இரண்டையும் அவர்தான் பெட்டியில் மடித்து வைத்தார். போகும்போது வண்டியில் உற்சாகமாக வந்தாள், அவளுக்கு வண்டி பிடிக்கும். திரும்பும்போது வண்டியில் அவள் பெல்ட் மட்டும் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையை எழுதத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, அந்தப் பன்னிரண்டு கட்டத்தையும் தானே நிரப்பினதாகச் சொன்னார். இல்லை, பேனா என் கையில்தான் இருந்தது என்றேன். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் தனியாகப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று மணி இழுப்பையும் சேர்த்து. அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர், "உங்க முதுகுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க எழுதுறதைத்தான் நான் நம்பணும்," என்றார். பிறகு, விசாரித்ததோடு விட்டுவிட்டது தன் பிழையும்தான், இரண்டாவது சோதனையை விட்டிருக்கக்கூடாது என்றார். என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்கியும் விரித்தும் அழுத்திப் பார்த்தார். வலி இடுப்பெலும்பும் முதுகின் அடிப்பகுதியும் சேருகிற மூட்டிலிருந்து வரலாம், அங்கே ஒரு சோதனை ஊசி போடுவோம் என்றார். அதே தாள், அதே பன்னிரண்டு கட்டம்.

இந்தத் தடவை வீட்டுக்காரர் படு என்று சொல்லவில்லை. ஆனால் தூக்கிப் பார்க்க வீட்டில் கயல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக ராஜர்ஹாட்டுக்கு வண்டி பிடித்தோம். இல்லத்தில் மாலதி மாசி, அதாவது மாலதி சித்தி, என்று ஒரு ஆயா. விஷயத்தைச் சொன்னதும் கயலின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் குனிந்து கயலின் கைக்கடியில் கையைக் கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு என்று எப்போதும் போல எண்ணினேன். தூக்கினேன்.

வலிக்கவில்லை.

நம்ப முடியாமல் கட்டிலில் உட்கார வைத்து, திரும்பவும் நாற்காலிக்குத் தூக்கினேன். கயல் சத்தமாகச் சிரித்தாள், உடைந்த பல் தெரிந்தது. மாசி அனுமதித்ததால் குளிக்க வைத்தேன், தலைக்குத் தேய்த்தேன், பின்னல் போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை அவர் பேனாவை நீட்டினார். ஒன்று, சைபர், சைபர், ஒன்று. எல்லாம் நிஜம். மூன்று மணிக்குமேல் இரண்டு, மூன்று என்று ஏறி, ஐந்து மணிக்கு ஏழு வந்து உட்கார்ந்தது. ஏழு என்று எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் நோய் இதுதான். இதைத் தீர்த்துவிட்டால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் டாக்டர் தாளைப் படித்தார். வலியைக் குறைக்க முடியும் என்றார். முதலில் மூட்டில் மருந்து ஊசி, பிறகு தேவைப்பட்டால் அந்த நரம்புகளையும் சுடலாம். மகளைத் தூக்கலாமா என்று கேட்டேன். அவர் தாளைக் கீழே வைத்தார். அந்த மூட்டைப் பிடித்திருக்கிற தசைநார்கள் தளர்ந்துவிட்டன, தான் செய்வது வலியை மூளைக்குச் சொல்லாமல் நிறுத்துவது மட்டும்தான், மூட்டு மூட்டாகத்தான் இருக்கும் என்றார். அந்த ஒரு நாள் தூக்கியது சோதனைக்காக. இனிமேல் தூக்கினால் ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் கை விட்டுப்போகும், வலி இல்லாததால் எனக்கே தெரியாது என்றார். முதல் சோதனை சரியாக நடந்திருந்தாலும் இதே பதில்தானா என்று கேட்டேன். இதேதான் என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பல் உடைந்திருக்காது.

ஊசி போட்டார்கள், தை மாதத்தில் நரம்பையும் சுட்டார்கள். பலன் கிடைத்தது. அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்கிறேன். மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். ஆகவே, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஆறு மணி நேரத்தில் யார் எவ்வளவு அன்பாகப் படுக்கச் சொன்னாலும் படுக்காதீர்கள். டாக்டருக்கோ வீட்டுக்கோ நல்லபடியாகத் தெரியட்டும் என்று ஒரு எண்ணைக்கூட மாற்றாதீர்கள்.

வலி போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ராஜர்ஹாட் போனோம். என்னைப் பார்த்ததும் கயல் இரண்டு கையையும் நீட்டினாள். இடது கை தோள்வரைதான் எழும்பும், வலது கை முழுதாக எழும்பும். தூக்கு என்று அர்த்தம். நான் அவள் முன்னால் நின்றேன். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. டாக்டர் சொன்ன மூட்டையும் தசைநாரையும் அவளுக்கு எப்படிச் சொல்வது? வலி என்றால் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மாவுக்கு முதுகு வலிக்குதுடா கண்ணு," என்றேன்.

கயல் கையை இறக்கிக்கொண்டாள். கிட்ட வா என்று தலையை ஆட்டினாள். குனிந்தேன். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை என் இடுப்புக்குக் கொண்டுவந்து தடவிவிட்டாள். வலது பக்கம். அந்தப் பக்கம் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. அவளாகப் போதும் என்று நிறுத்துகிறவரைக்கும் குனிந்தே நின்றேன்.